பெரியவருக்கு ஆறடித் தொட்டி: வீட்டில் ஜெயண்ட் குராமி வளர்ப்பது எப்படி

என் தையல் மெஷினுக்கு எதிரே ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரே ஒரு மீன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு பெரிய தொட்டியில ஒண்ணே ஒண்ணுதானா?" அடுத்தது, "இதைச் சாப்பிடலாமா?" இரண்டுக்குமே பதில் ஆமாம்தான். ஜெயண்ட் குராமி அடிப்படையில் சாப்பாட்டு மீன். ஜாவாவில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள், முழுசாகப் பொரித்துத் தட்டில் வைக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நம் சென்னைப் பக்கம் கொண்டுவந்து விட்டதும் உணவுக்காகத்தான். எங்கள் வீட்டில் அவர் பெயர் பெரியவர். தடித்த உதடு, முன்னால் தள்ளிய தாடை, நெற்றியில் ஒரு மேடு, யாரையும் நம்பாத பார்வை. வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

2016இல் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகன் கொளத்தூரிலிருந்து பிளாஸ்டிக் கவரில் இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்தான். ஜோடி 120 ரூபாய். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்மா, கடையில சொன்னாங்க" என்றான். அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். மீன் என் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான்.

கடையில் சொன்னது உண்மையா என்று நான் இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் பெரியவருக்கும் ஒரு பக்கம் உண்டு. கண்ணாடிக்கு வெளியே டேப்பைப் பிடித்து, அவர் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கிற சமயம் பார்த்துக் குறிக்க வேண்டும். வாங்கும்போது 2 அங்குலம். ஒரு வருடத்தில் எட்டரை. மூன்றாவது வருடம் 13. இப்போது 18, கொஞ்ச நாளாக அங்கேயே நிற்கிறது. ஆற்றிலும் குளத்திலும் இந்த ஜாதி இரண்டடிக்கு மேலேயே போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம் இருக்கும். தொட்டியின் அளவுக்கு மீன் அடங்கிப்போவதில்லை. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, வளர்ச்சி குன்றி, முதுகு வளைந்து நோயாளியாகிறது. அதைப் பார்த்துத்தான் "பாத்தீங்களா, வளரல" என்கிறார்கள்.

அதனால் வாங்குவதற்கு முன்னால், கடைத் தொட்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குராமி என்ற பெயரில் பல மீன்கள் விற்கின்றன. முத்து குராமி, நீலக் குராமி எல்லாம் ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். முத்தமிடும் குராமி ஓரடி வரை போகும். ஜெயண்ட் குராமிக் குஞ்சுக்குக் கூரான மூக்கு, உடம்பில் மேலிருந்து கீழாக எட்டு பத்துக் கறுப்புப் பட்டைகள், வால் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. பெரியவரின் முரட்டு முகத்துக்கும் அந்தக் கூர்மூக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே மீன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். வெள்ளையாகவும் தங்க நிறத்திலும் விற்பவையும் இதே மீன்தான், இதே அளவுக்கு வளரும். சிவப்பு வால் குராமியும் இதன் பங்காளிதான். அதற்கும் இடம் நிறைய வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது வயிறு ஒட்டிப்போனதை எடுக்காதீர்கள். நெஞ்சுக்குக் கீழே இரண்டு நீண்ட நூல்கள் மாதிரித் தொங்கும் துடுப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுதான் அதற்குக் கை. எதையும் முதலில் அதால் தொட்டுப் பார்க்கும்.

சரி, தொட்டி. குஞ்சுக்கு மூன்றடித் தொட்டி ஒரு வருடம் தாங்கும். அதற்குள் ஆறடிக்கு இடமும் பணமும் ஏற்பாடு செய்ய முடியாது என்றால் இந்த மீன் வேண்டாம், வேறு பாருங்கள். என்னுடையது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 24 கன அடி, விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர். இன்று திரும்பச் செய்யச் சொன்னால் அகலத்தை இரண்டரை அடி ஆக்குவேன். நீளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் மீன் திரும்புவது அகலத்தில். ஒன்றரை அடி மீன் இரண்டடியில் திரும்பும்போது வாலைக் கொஞ்சம் மடக்கித்தான் திரும்புகிறது. தினமும் எதிரே உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அது உறுத்துகிறது. ஆர்ம்ஹோல் இறுகிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குகிற மாதிரி.

எடையை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் 600 கிலோவுக்கு மேல். 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டும். நாங்கள் இருப்பது தரைத்தளம் என்பதால் தப்பித்தேன். மாடி வீட்டில் என்றால், கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே தெர்மாகோல் ஷீட் கட்டாயம். ஸ்டாண்டில் ஒரு ஓரம் துளி மேடாக இருந்தாலும் மொத்த எடையும் அந்த ஓரத்தில் உட்கார்ந்து அடிக்கண்ணாடியைப் பிளக்கும்.

மூடி வேண்டும். குராமி குதிக்கும். ஆனால் அது காற்றை விழுங்கும் மீன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது, விறால், பனையேறி மீன்களுக்கு இருப்பதைப் போல. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். அதனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று அங்குலமாவது விடுங்கள், காற்று போய்வர மூடியில் வழியும் இருக்கட்டும். இதிலேயே இன்னொரு விஷயம். அறையில் நீங்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறீர்களோ அதையேதான் அதுவும் விழுங்குகிறது. கரப்பான் ஸ்பிரே, கொசு ஸ்பிரே எதையும் தொட்டி இருக்கும் அறையில் அடிக்காதீர்கள். நமக்குத் தும்மல் வருவதோடு போகிற மருந்து மீனுக்கு எமன். சாம்பிராணி போடுவதையும் நான் சமையலறையோடு நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே அலங்காரம் என்று ஒன்றும் தேவையில்லை. நிஜச் செடி வைத்தால் தின்றுவிடும். பிளாஸ்டிக் செடி வைத்தால் பிடுங்கி மிதக்க விடும். கூர்மையான கல் வேண்டாம். ராத்திரி விளக்கைத் திடீரென்று போட்டால் துள்ளிக் கண்ணாடியில் மோதும், அப்போது கல்லின் முனை கண்ணைப் பதம் பார்க்கும். முதலில் அறை விளக்கு, ஐந்து நிமிஷம் கழித்துத் தொட்டி விளக்கு. நான் அடியில் மெல்லிசாக மணல் மட்டும் போட்டிருக்கிறேன். ஹீட்டர் சென்னையில் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. 24 முதல் 30 டிகிரிக்குள் சுகமாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் ஹீட்டர் போட வேண்டும், அதைச் சுற்றிக் கம்பிக்கூடும் போட வேண்டும்.

இனி ஃபில்டர். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெரிய மீன், இலைதழை தின்னும் மீன், அதனால் கழிவும் மாடு போடுகிற மாதிரி. மணிக்கு 3,000 லிட்டராவது சுற்றவேண்டும். தொட்டி ஆட்கள் சம்ப் வைக்கச் சொல்வார்கள். சம்ப் என்றதும் லாரித் தண்ணீர் இறக்குவது என்று நினைத்துக்கொண்டேன். இது தொட்டிக்கு அடியில் வைக்கும் இன்னொரு சின்னத் தொட்டி. நான் வைத்திருப்பது மேலே உட்காரும் டாப் ஃபில்டர். நீளமான பெட்டி, அதில் வரிசையாக ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், பயோ பால் என்கிற பிளாஸ்டிக் உருண்டைகள். அழகாக இருக்காது. ஆனால் கையை விட்டு எடுக்கலாம், மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் 40 வாட், இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் ஆகிறது. அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் பெரியவர் பங்கு.

ஃபில்டரில் அழுக்கைப் பிடிப்பது ஸ்பாஞ்ச். ஆனால் மீனைக் காப்பாற்றுவது அந்த வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதான நைட்ரேட், தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பால் காய்ச்சுவதற்குள் சாமான் இறக்குவதைப் போலத் தொட்டி வாங்கிய அன்றே மீனை விடாதீர்கள். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையம் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும், தயிருக்கு உறை குத்துவது போல. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சைபர் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு மீனை விடுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், 2018 தீபாவளிக்கு வீடு கழுவிய வேகத்தில் ஃபில்டரையும் கழுவினேன். ஒவ்வொரு வளையமாக, குழாய்த் தண்ணீரில், பளபளவென்று. குளோரின் பட்டு மொத்தக் கூட்டமும் செத்தது. மூன்றாம் நாள் பெரியவர் கறுத்துப்போய், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, மூலையில் மேலேயே தொங்கினார். காற்று குடிக்க வந்திருக்கிறார் என்று நான் பாட்டுக்கு ஓவர்லாக் அடித்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் குராமி நம்மை ஏமாற்றும். வேறு மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆபத்து என்று தெரிந்துவிடும். இது எப்போதும் மேலே வரும் மீன். நன்றாக இருக்கும்போது ஒரு வாய் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடும். மேலேயே நின்றால், செவுள் படபடவென்று அடித்தால், அம்மோனியா செவுளைச் சுடுகிறது என்று அர்த்தம். உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். நான் ஒரு வாரம் தினமும் மாற்றினேன். அப்புறம் இன்றுவரை ஸ்பாஞ்சை மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுகிறேன்.

வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் 14 பிளாஸ்டிக் குடம். மெட்ரோ தண்ணீர் என்றால் முதல் நாளே டிரம்மில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள், அல்லது ஆன்டி-குளோரின் ஊற்றுங்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மை இந்த மீனுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இந்த வாரம் போர், அடுத்த வாரம் லாரி என்று மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். எடுக்கும் தண்ணீர் வீண் இல்லை, கறிவேப்பிலை மரத்துக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, குடத்தோடு தெருவில் நின்ற நாட்களில் 14 குடத்துக்கு எங்கே போவது? தீவனத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன், வாரம் ஐந்து குடம் மாற்றினேன், எடுத்த தண்ணீரை கக்கூஸுக்கு ஊற்றினோம். கழிவு குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். சமாளித்துவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் கோல்டு ஃபிஷ் எல்லாம் மறுநாளே மிதந்தன. பெரியவர் வழக்கம்போல மேலே வந்தார், ஒரு வாய் எடுத்தார், இறங்கினார். மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஃபில்டரில். மூடிய டப்பா மாதிரியான கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால், உள்ளே அழுகிய தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் கொட்டும். திறந்து அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் போட வேண்டும். டாப் ஃபில்டரில் வளையங்கள் ஈரம் காயாமல் இருந்தால் போதும். நான் இரண்டு மணிக்கொரு தரம் ஒரு சொம்பு தொட்டித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொம்பும் கையுமாக என்னைப் பார்த்த என் வீட்டுக்காரர், "அபிஷேகம் முடிஞ்சுதா?" என்றார். அந்த மூன்று நாளும் தீவனம் போடவில்லை.

சாப்பாடு விஷயத்தில் பெரியவர் எங்கள் வீட்டிலேயே நல்ல ஆள். குஞ்சாக இருக்கும்போது புரதம் அதிகம் உள்ள மிதக்கும் தீவனம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஓரடியைத் தாண்டியதும் ஒரு வேளை போதும், அதில் பாதிக்கு மேல் கீரையாக இருக்கட்டும். ஜாவாவில் சேம்பு ஜாதி இலையை முழுசு முழுசாகக் குளத்தில் போடுகிறார்கள். இங்கே சுலபமாகக் கிடைப்பது வள்ளைக்கீரை. பாதியாக வெட்டிய நீல டிரம்மில் மண்ணும் தண்ணீருமாக மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், தண்டை ஒடித்து நட்டாலே வரும். கடைக்கீரையில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. பசலை, தோலுரித்த பட்டாணி, லேசாக வேகவைத்த பூசணி, சுரைக்காய் எல்லாம் சாப்பிடும். கீரைக்கட்டைத் தண்ணீரில் விட்டதும் நேராகப் பாயாது. முதலில் அந்த இரண்டு நூல் துடுப்புகளையும் முன்னால் நீட்டி, தண்டை மேலும் கீழும் தடவும். துணியின் தரத்தை விரல் நுனியில் பார்ப்பது போல. அப்புறம் உதட்டை நீட்டி ஓர் இலையை மட்டும் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். இலை போய்விடும், தண்டு அப்படியே நிற்கும். சரக் என்ற சத்தம் வெளியே கேட்கும்.

சோறு, இட்லி, பிஸ்கட், பிரெட் போடாதீர்கள். தின்னும். ஆனால் தண்ணீர் கெட்டுவிடும், மீனுக்கும் கொழுப்பு வைக்கும். ஆட்டு ஈரல், மாட்டு இதயம் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பார்கள், நான் கொடுத்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. நான் வெள்ளிக்கிழமை விரதம், பெரியவரும் வெள்ளிக்கிழமை விரதம்.

துணைக்கு இன்னொரு மீன் விடலாமா? நாங்கள் வாங்கியது இரண்டு. ஆறு அங்குலம் வரை அண்ணன் தம்பியாக இருந்தார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டாவதன் வால் கிழிந்து ரிப்பன் ரிப்பனாகத் தொங்குகிறது. திருவள்ளூர் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அது எந்தக் குழம்பில் முடிந்தது என்று நான் கேட்கவில்லை. ஆணும் பெண்ணும் பெரிதாகும் முன் சரியாகத் தெரியாது. வளர்ந்த பிறகு ஆணுக்குத் தாடை தடிக்கும், நெற்றி மேடிடும். பக்கத் துடுப்பின் அடியில் பெண்ணுக்குக் கறுப்பாக இருக்கும், ஆணுக்கு வெளுத்திருக்கும். சின்ன மீன்களைக் கூட விட்டால் வாய்க்குள் போகும். ஃப்ளவர்ஹார்ன் மாதிரிச் சண்டைக்கார மீனை விட்டால் தினமும் பஞ்சாயத்து. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். அது ராத்திரியில் குராமியின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துணி போதும். பெரிய டின்ஃபாயில் பார்ப், சில்வர் டாலர் கூட்டம் ஒத்துப்போகும் என்றாலும், அதற்குத் தொட்டி இன்னும் பெரிதாக வேண்டும். தனியாக இருப்பதில் இதற்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. யாராவது அதன் பார்வையில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் மெஷினை விட்டு எழுந்தால் கண்ணாடியோடு கூடவே வரும்.

வளர்க்க முடியவில்லை என்றால் ஏரியில் மட்டும் விடாதீர்கள். சக்கர் மீனை அப்படி விட்டுவிட்டுத்தான் இன்று சென்னை ஏரிகளில் வலை முழுக்க அதுவாக வருகிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டிக்காரரைத் தேடுங்கள்.

நோய் என்று பெரியவருக்கு வந்தது ஒருமுறை வெள்ளைப்புள்ளி. பக்கத் துடுப்பில் ரவை ஒட்டியது போல இருந்தது. லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளில் பிரித்து ஊற்றினேன். மே மாத வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. புது மீன், புதுச் செடி எதையும் நேராகத் தொட்டியில் போடாமல் இருந்தாலே பாதி நோய் வராது.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். வளர்ந்த குராமி ஒரு வாரம் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றிவிட்டு, ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பாவம் பார்த்துத் தீவனத்தைக் கொட்டுகிறவர்களால்தான் ஆபத்து. ஒருமுறை எதிர்வீட்டு அக்கா, "ரொம்ப ஏக்கமா பாத்துது, மனசு கேக்கல" என்று நாலே நாளில் அரை டப்பா போட்டுவிட்டார். இப்போது சாவியை அவரிடம்தான் கொடுக்கிறேன். தீவன டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தச் சாவியை மட்டும் என்னோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.